கெட்டவர் யார்? ஒரு வினைச்சொல்லின் வரலாறு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



'கெடு' என்ற ஒரே சொல்லைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று எழுதி அனுப்பியதும் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் மிகுந்த பணிவோடு, "தலைப்பைக் கொஞ்சம் மங்கலமா மாத்திக்கலாமா ஐயா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நாம் விளக்கை அணைக்கச் சொல்ல மாட்டோம், குளிர வைக்கச் சொல்வோம், மலையேற்றச் சொல்வோம். தாலிக்கயிறு அறுந்தால் 'பெருகிப்போச்சு' என்போம். இப்படிச் சொல்வதற்குத் தகுதி வழக்கில் மங்கலம் என்று தனியிடமே ஒதுக்கியிருக்கிறார் நன்னூலார். ஆனால் மலையாளத்து வீட்டில் காற்றடித்து விளக்கு நின்றால் 'விளக்கு கெட்டு' என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். தீயை அணைப்பது அங்கே 'கெடுத்துக'. நமக்கு அச்சம் தரும் அந்தச் சொல் பாலக்காட்டைத் தாண்டியதும் வெறும் விளக்குச் சொல்லாகிவிடுகிறது. தலைப்பை ஏன் மாற்றவில்லை என்பதற்கு இந்த வேறுபாடே பாதி விடை.

மீதி விடைக்கு அடுக்களைப் பக்கம் போக வேண்டும்.

ஒரு பொருள் நல்ல நிலையிலிருந்து இறங்குவதைச் சொல்ல நம் வீடுகளில் எத்தனை சொற்கள் இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். பால் திரிந்துபோகும். தயிர் புளித்துப்போகும். சாம்பார் ஊசிப்போகும், கரண்டியால் எடுத்தால் நூல் விடும். முட்டை கூமுட்டையாகும். அப்பளம் நமுத்துப்போகும். தேங்காய் எண்ணெயில் காறல் வாடை வரும், டப்பாவில் அடைத்த முறுக்கில் சிக்கு வாடை அடிக்கும். பருப்பில் வண்டு விழும், உளுந்து உளுத்துப்போகும், வெங்காயம் அழுகும், கீரை வாடும், முருங்கைக்காய் முற்றிப்போகும், ரொட்டியில் பூசணம் பூக்கும். அடுக்களையை விட்டு வெளியே வந்தால் கயிறு நைந்துபோகும், வேட்டி இற்றுப்போகும், கத்தி மழுங்கும், உத்திரம் செல்லரிக்கும். இவற்றில் ஒன்றை இன்னொன்றின் இடத்தில் வைக்க முடியாது. 'அப்பளம் ஊசிப்போச்சு' என்று ஒரு மருமகள் சொல்லியிருந்தால் அந்த வீட்டில் அன்று முழுக்க அதுவே பேச்சாக இருந்திருக்கும்.

இத்தனை சொல்லுக்கும் ஒரு காரணம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அடுத்துச் செய்ய வேண்டியது வேறு. திரிந்த பாலில் திரட்டுப்பால் கிண்டலாம். புளித்த தயிர் மோர்க்குழம்புக்கு ஆகும். நமுத்த அப்பளத்தை வெயிலில் காட்டினால் போதும். ஊசிய சாம்பாரைக் கொட்டித்தான் ஆக வேண்டும். கெடுதலின் வகை தெரிந்தால்தான் மீட்க முடியுமா என்பது தெரியும். இப்போது குளிர்சாதனப் பெட்டிக் கதவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து 'கெட்டுப்போச்சு' என்று சொல்லிக் குப்பையில் போடுகிறோம். ஒரு சொல் வளர்ந்து பத்துச் சொற்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் அந்த இடத்தைப் பிடித்தது 'பழுதாப்போச்சு'. சோறும் பழுதாகும், வானொலிப் பெட்டியும் பழுதாகும். நாம் பழுதை இயந்திரத்துக்கு மட்டும் ஒதுக்கிவிட்டோம்.

கெடு பழைய சொல். திராவிட மொழிகள் பலவற்றில் அதற்கு உடன்பிறப்புகள் உண்டு. கன்னடத்தில் கிடு, கெடு. கெட்டது அங்கும் 'கெட்ட'தான், கேடு அங்கும் 'கேடு'தான். தெலுங்கில் 'செடு', 'செட்ட'. பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திப் பதிப்பித்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியைப் புரட்டினால் இந்தக் குடும்பம் முழுவதையும் ஒரே பதிவில் காணலாம்.

இதில் ஒலி சார்ந்த நுட்பம் ஒன்று இருக்கிறது. மாணவர்கள் கவனிக்க வேண்டும். இ, எ போன்ற உயிர்களுக்கு முன் நின்ற பழைய ககரம் தமிழில் சகரமாக மாறியது. கன்னடர் 'கிவி' என்கிறார்கள், நாம் செவி என்கிறோம். அவர்களுக்குக் 'கெம்பு', நமக்குச் செம்மை. அப்படியானால் கெடு ஏன் 'செடு' ஆகவில்லை? நாவை மடித்து ஒலிக்கும் ட, ண, ள, ழ போன்ற எழுத்து அடுத்து வந்தால் தமிழில் ககரம் அசையாமல் நின்றுவிட்டது. கிளி, கிழங்கு, கேள், கெடு எல்லாம் அப்படித் தப்பியவை. தெலுங்கில் இந்தத் தடை செல்லவில்லை. அங்கே கிளி 'சிலுக' ஆயிற்று, கெடு 'செடு' ஆயிற்று. சொல் உருமாறுவதற்கும் ஒழுங்கு உண்டு என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டை நான் வகுப்பறையில் பயன்படுத்தியதில்லை.

ஒலி மாறாமல் நின்ற இந்தச் சொல்லின் பொருள் நிற்கவில்லை. இன்றைய என் பேச்சு அதைப் பற்றியதுதான்.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 261 அடி கொண்டது. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தப் பாடியது என்று அதன் பழங்குறிப்பு சொல்கிறது. 99 பூக்களின் பெயர் வருவதால் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாட்டு. அருவியாடிப் பூக்கொய்து தினைப்புனம் காக்கும் பெண்களிடம் வேட்டை நாய்களோடு ஓர் இளைஞன் வருகிறான். பெண்களின் அழகைப் புகழ்ந்துவிட்டு, தன்னிடமிருந்து தப்பிய 'கெடுதி' ஒன்று உண்டு என்கிறான். இன்று ஓர் அந்நியன் தினைப்புனத்தில் வந்து நின்று "எனக்குக் கெடுதி உண்டு" என்றால் பெண்கள் ஓட்டம் பிடிப்பார்கள். அந்தப் பெண்கள் ஓடவில்லை. ஏனென்றால் அவன் சொன்னது தீமையை அன்று. கெடுதி என்றால் தொலைந்த பொருள். அவன் எய்து தப்பிய விலங்கு இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்கிறான், அவ்வளவுதான்.

இது கபிலரின் தனி வழக்கும் இல்லை. தலைவன் ஊரைக் கேட்பான், பேரைக் கேட்பான், கெடுதியைக் கேட்பான் என்று தொல்காப்பியக் களவியல் இதை ஒரு முறையாகவே சொல்கிறது. பின்வந்த அகப்பொருள் இலக்கணக்காரர்கள் 'கெடுதி வினாதல்' என்றே இதற்குப் பெயரிட்டார்கள். மாணிக்கவாசகரின் திருக்கோவையாரில் தலைவன் வேழத்தை வினவுவதும் கலைமானை வினவுவதும் இந்த மரபில் வருபவைதான். யானை உண்மையிலேயே தொலைந்ததா என்று எந்த உரையாசிரியரும் கவலைப்பட்டதில்லை. பேச்சைத் தொடங்க ஒரு சாக்கு வேண்டும், அதற்கு ஒரு யானை தொலைய வேண்டியிருந்தது.

ஆக, கெடுவின் பழைய பொருள்களில் ஒன்று காணாமற்போதல். அது யார்மீதும் குற்றம் சாட்டவில்லை. இருந்தது, இப்போது இல்லை, அவ்வளவே.

இந்தக் குற்றமற்ற பொருள் முழுதாகப் பிழைத்திருக்கும் இடம் ஒன்று உண்டு: இலக்கண வகுப்பு. புணர்ச்சியில் நேரும் விகாரம் மூன்று. தோன்றல், திரிதல், கெடுதல். மரம் என்பதோடு வேர் சேர்ந்தால் மரவேர் ஆகிறது. இடையில் மகரம் 'கெட்டது'. ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டும்போது அந்த மகரத்தின் ஒழுக்கத்தைப் பற்றி எந்த மாணவனும் ஐயப்படுவதில்லை. நன்னூல் கெடுதல் என்றதைத் தொல்காப்பியம் குன்றல் என்றது. எழுத்துகள் மட்டும் இன்றுவரை பழைய பொருளிலேயே கெடுகின்றன. அவை கொடுத்துவைத்தவை.

மனிதர்கள் கெட்ட கதைக்கு வருவோம். குறளில் கேடு என்பது பெரும்பாலும் அழிவையோ இழப்பையோ துன்பக் காலத்தையோ குறிக்கும். கல்வியைக் கேடில்லாத செல்வம் என்று சொல்லும் 400ஆம் குறளில் கேடு அழிவு. கேட்டிலும் ஒரு நன்மை உண்டு, அது நண்பரை அளந்துகாட்டும் கோல் என்னும் 796ஆம் குறளில் அது நொடித்துப்போன காலம். வான்சிறப்பில் 15ஆம் குறள் இந்த வினையை வைத்து ஒரு விளையாட்டே ஆடுகிறது. பெய்யாமல் கெடுப்பதும் மழை. அப்படிக் கெட்டவர்களுக்குத் துணையாகி எடுத்து நிறுத்துவதும் மழை. அங்கே கெட்டார் என்றால் பயிர் காய்ந்து கையிலிருந்ததை இழந்த உழவர்கள். அவர்களுக்கு வேண்டியது துணை. கண்டனம் இல்லை.

'கெட்டும் பட்டணம் சேர்' என்ற பழமொழியை மேடைகளில் தவறான பொருளில் கேட்டிருக்கிறேன். பட்டணம் போனால் கெட்டுப்போவாய் என்று எச்சரிப்பதாக அதை எடுத்துக்கொள்கிறார்கள். அது சொல்வது நேர்மாறு. கைப்பொருள் எல்லாம் போய் நொடித்தாலும் பட்டணத்துக்குப் போ, பிழைத்துக்கொள்வாய் என்கிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் எத்தனையோ குடும்பங்கள் அந்தப் பழமொழியைக் கடைப்பிடித்துத்தான் சென்னைக்கும் திருப்பூருக்கும் ரயிலேறின.

இன்றைய பேச்சில் இந்தப் பொருள் ஒரே ஒரு தொடரை ஒட்டி உயிரோடு இருக்கிறது. 'வாழ்ந்து கெட்டவர்'. இதைச் சொல்லும்போது நம் குரல் தானாகவே தாழும். பெரிய வீடு, பத்தாயம், வாசலில் வண்டிமாடு, பிறகு வழக்கு, கடன், ஏலம். மகன்கள் எங்கோ கூலிக்கு. அந்த வீட்டுப் பெரியவர் கல்யாணத்துக்கு வந்தால் முன்வரிசையில் நாற்காலி போடுவார்கள். அவரை யாரும் கெட்டவர் என்று சொல்ல மாட்டார்கள். 'வாழ்ந்து' என்ற முன்னொட்டு அவரைக் காப்பாற்றுகிறது. அதை எடுத்துவிட்டு 'கெட்டவர்' என்று மட்டும் சொன்னால் அதே மனிதர் திருடனாகவோ குடிகாரனாகவோ ஆகிவிடுவார். இரண்டிலும் இருப்பது ஒரே எச்சம்.

கெட்ட என்பது இறந்தகாலப் பெயரெச்சம். வந்த, போன, இருந்த என்பவை எப்படியோ அப்படி. இலக்கணப்படி பார்த்தால் 'கெட்ட பையன்' என்பதற்கு, முன்பு நன்றாக இருந்து இடையில் ஏதோ நேர்ந்த பையன் என்றுதான் பொருள் வர வேண்டும். பிறவியிலேயே தீயவனைச் சொல்ல இந்தச் சொல்லுக்கு வழியே இல்லை. தீய, கொடிய, பொல்லாத என்பவற்றுக்கு அந்தச் சிக்கல் கிடையாது. ஆனால் பேச்சில் அவை தேய்ந்து, 'நல்ல' என்பதன் எதிர்ச்சொல்லாகக் 'கெட்ட' உட்கார்ந்துவிட்டது. நல்லது கெட்டது என்று இணைத்துச் சொல்கிறோம். 'ஊர்ல ஒரு நல்லது கெட்டதுக்குப் போய் நிக்கணும்' என்னும்போது மட்டும் பழைய பொருள் எட்டிப் பார்க்கிறது. அங்கே கெட்டது என்பது சாவு வீடு. அதிலும் யாருடைய குற்றமும் இல்லை.

சொற்பொருள் மாற்றம் என்றதும் வகுப்பில் 'நாற்றம்' வரும். நறுமணத்தைக் குறித்த சொல் துர்நாற்றத்துக்கு இறங்கியது என்பார்கள். இழிபொருட்பேறு என்று அதற்குப் பெயர். கள்ளுண்ட மயக்கத்தைக் குறித்த களிப்பு மகிழ்ச்சியானதை உயர்பொருட்பேறு என்பார்கள். கெடு இந்த இரண்டு பெட்டியிலும் சரியாக அடங்காது. அதன் பொருள் தொடக்கத்திலேயே நல்லது அன்று. அது இன்னும் மோசமானதைக் குறிக்கத் தொடங்கியது என்பதும் போதாது. ஒருவருக்கு நேர்ந்ததைச் சொன்ன சொல், ஒருவர் எப்படிப்பட்டவர் என்பதைச் சொல்லும் சொல்லாயிற்று. இழந்தவன் குற்றவாளியானான். நான் வலியுறுத்த விரும்புவது இந்த இடப்பெயர்ச்சியைத்தான்.

இதன் கொடுமை முழுதும் தெரிவது பெண்களைப் பற்றிய பேச்சில். 'அவன் அந்தப் பொண்ணைக் கெடுத்துட்டான்' என்று ஒரு வாக்கியம். இதில் எழுவாய் அவன், செயப்படுபொருள் அவள். வினை பிறவினை. செய்தவன் யார் என்பதில் இலக்கணத்துக்கு ஐயமே இல்லை. அடுத்த வாக்கியத்துக்குப் போவதற்குள் அவன் காணாமற்போய்விடுகிறான். அவள் 'கெட்டுப்போனவள்' ஆகிறாள். பிறவினை தன்வினையாகி, எழுவாய் இடத்துக்கு அவள் தள்ளப்படுகிறாள். பாலுக்கும் பழத்துக்கும் சொன்ன அதே வினை, அதே 'போ' துணைவினை. 'கெடுத்தவனே கட்டிக்கணும்' என்று தீர்ப்புச் சொன்ன பஞ்சாயத்துகளைத் திரையில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! கெட்ட பொருளைக் கெடுத்தவன் தலையில் கட்டுவது சந்தைக் கணக்கு. நாளிதழ்கள் நெடுங்காலம் எழுதிய 'கற்பழிப்பு' என்ற சொல்லிலும் இதே கணக்குதான். அழிந்தது அவளுடைய ஏதோ ஒன்று. இன்று பெரும்பாலான இதழ்கள் 'பாலியல் வன்கொடுமை' என்று எழுதுகின்றன. இது சொல் அலங்காரம் என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வன்கொடுமை என்பது செய்தவனின் செயலுக்குப் பெயர். அதை வைத்து 'வன்கொடுமைப்பட்டுப்போனவள்' என்று அவள்மீது ஒட்டும் அடைமொழி எதையும் எளிதில் செய்துவிட முடியாது.

இங்கே சிறிது கிளைவழி போகிறேன். இறுக்கமாகப் பேசிவிட்டேன், நீங்களும் மூச்சு விடலாம்.

'பணம் கட்ட முப்பதாம் தேதி வரைக்கும் கெடு' என்கிறோமே, அந்தக் கெடு நம் கெடு இல்லை. தவணை தப்பினால் கெட்டுப்போவோம் என்பதால் வந்தது என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. கேட்கச் சுவையாக இருக்கும். தெலுங்கிலும் கன்னடத்திலும் தவணைக்குக் 'கடுவு' என்று பெயர், முதல் ககரத்தை அழுத்தி ஒலிப்பார்கள். அப்படி அழுத்தி ஒலிக்கும் எழுத்தோடு அகரம் தொடங்கும் சொற்கள் தமிழ் வாயில் நுழைந்ததும் அகரம் எகரமாகும். கங்கை கெங்கையாகும், கர்ப்பம் கெர்ப்பமாகும், பலம் பெலமாகும், தண்டம் தெண்டமாகும், ஜனம் ஜெனமாகும். கதி கெதியாகி, யாழ்ப்பாணத்தில் 'கெதியா வா' என்று ஓடுகிறது. நம் கெட்டிக்காரர்களின் கெட்டிக்கும் தெலுங்கு, கன்னட உறவு இருக்கிறது; அங்கே அது 'கட்டி', அதே அழுத்தத்தோடு. எனவே கெட்டிக்காரனையும் கெட்டவனையும் ஒரே வேரில் கட்டிவைக்க வேண்டாம். ஆனாலும் தொடர்பில்லாத இந்த இரண்டு கெடுவும் ஓரிடத்தில் சந்தித்துவிட்டன. பால் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். கெடுவதற்கே ஒரு கெடு அச்சடித்திருக்கிறது.

இனி 'மோசம்'. நிலைமை மோசமாகிவிட்டது, சாலை படுமோசம், ஆள் ரொம்ப மோசம் என்று நாளுக்குப் பத்து முறை சொல்லும் சொல். இது வடமொழியிலிருந்து வந்தது. அங்கே 'மோஷ' என்றால் திருட்டு. திருடுவதைக் குறிக்கும் அந்த வினையடியிலிருந்துதான் மூஷிகத்தையும் பிறப்பிக்கிறார்கள். பிள்ளையாரின் வாகனம் சொல்லளவில் ஒரு திருடன். தெலுங்கிலும் கன்னடத்திலும் மோசம் இன்றும் ஏமாற்றுதான். ஹைதராபாத்தில் போய் 'சாப்பாடு மோசம்' என்ற பொருளில் அதைச் சொன்னால், கடைக்காரர் கணக்கில் ஏதோ தகராறு என்று நினைத்துக்கொள்வார். தமிழிலும் மலையாளத்திலும்தான் அது தரத்தைச் சொல்லும் சொல்லாயிற்று. நம்மிடம் பழைய பொருள் 'மோசடி'யில் தங்கியிருக்கிறது. அதைவிட அழகாக 'மோசம் போனேன்' என்ற தொடரில் தங்கியிருக்கிறது. சீட்டு நடத்தியவன் ஊரைவிட்டு ஓடியதும் வாசலில் உட்கார்ந்து அழும் பெண் சொல்வது: 'அவன் பேச்சைக் கேட்டு மோசம் போயிட்டேனே.'

மோசம் போனவர் ஏமாந்தவர். மோசமானவர் கெட்டவர். வாழ்ந்து கெட்டவருக்கும் கெட்டவருக்கும் இடையில் என்ன தூரமோ அதே தூரம்தான் இவர்களுக்கு இடையிலும். ஒரு சொல் நம் வீட்டுச் சொல், மற்றது விருந்தாளி. இரண்டும் ஒரே பாதையில் நடந்திருக்கின்றன. தற்செயல் என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

கெட்டுவிட்டதைச் சொல்வது ஒன்று. கெட்டுக்கொண்டிருப்பதைச் சொல்வது வேறு. யாராவது 'பால் கெடுகிறது' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 'கெட்டுப்போச்சு' என்போம், முடிந்த பிறகு. நடக்கும்போதே சொல்ல வேண்டுமானால் துணைவினை மாறிவிடும். 'நாளுக்கு நாள் மோசமாகிக்கிட்டே வருது.' சீரழிவு நம்மை நோக்கி வருகிறது. அழிந்தது நம்மை விட்டுப் போகிறது. வா, போ என்ற இரண்டு சிறு வினைகளை வைத்துக்கொண்டு பேச்சுத் தமிழ் இவ்வளவு துல்லியமாக வேலை செய்கிறது. 'வரவர' என்ற அடுக்கும் அப்படி வந்ததுதான். வரவர மாமியார் கழுதை போல ஆனாளாம். இந்தக் கழுதையை அகற்றுவதற்காக, அது கழுதை இல்லை, கயிதை என்னும் ஊமத்தங்காய் என்று ஒரு திருத்த விளக்கம் உலவுகிறது. மாமியாரை ஊமத்தங்காய் ஆக்குவதில் என்ன மரியாதை கூடிவிட்டது என்பது எனக்கு விளங்கவில்லை. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையும் நம்மிடம் உண்டு. தேய்மானத்தைச் சொல்லும்போதெல்லாம் தமிழனுக்குக் கழுதை நினைவு ஏன் வருகிறதென்று கழுதைதான் கேட்க வேண்டும்.

நோய்க்கு மட்டும் 'முற்றுதல்'. காய்ச்சல் முற்றிவிட்டது, பைத்தியம் முற்றிவிட்டது, கலி முற்றிவிட்டது. நெல் முற்றினால் அறுவடை. நோய் முற்றினாலும் ஏறக்குறைய அதுவே. மருத்துவமனை அறிக்கைகள் இந்தச் சொல்லைத் தொடாது. அங்கே 'பின்னடைவு'. 2018 ஜூலை இறுதியிலும் ஆகஸ்ட் முதல் வாரத்திலும் மு. கருணாநிதி சிகிச்சையில் இருந்த நாட்களில் தமிழ்நாடு முழுவதும் இந்தச் சொல்லை எடை போட்டுக்கொண்டிருந்தது. தற்காலிகப் பின்னடைவு என்றார்கள்; 'தற்காலிக' என்பதை எவ்வளவு நம்பலாம் என்று டீக்கடையில் விவாதித்தார்கள். வாக்கு எண்ணிக்கை நாளில் வேட்பாளருக்குச் சொல்லும் சொல்லும் அதுதான். ஓட்டப்பந்தயத்திலிருந்து கடன் வாங்கியது போன்ற இந்தச் சொல்லில் இன்னும் முந்திவிடலாம் என்ற நப்பாசை ஒளிந்திருக்கிறது. அதற்காகவே அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கேட்டில் நகைச்சுவையும் உண்டு. 'இருக்கிற நிலைமையில உனக்குக் காபி ஒரு கேடா?' என்று கேட்கிறோம். இங்கே கேடு என்றால் ஆடம்பரம். இருக்கிற இழப்புகள் போதாதென்று இது இன்னொரு இழப்பா என்ற கேள்வியாகத்தான் இது தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். கெடு, கேடு என முதல் எழுத்து நீண்டு பெயரானது போலத்தான் படு பாடாயிற்று, சுடு சூடாயிற்று, பெறு பேறாயிற்று. பேற்றுக்கு நேர் எதிர் கேடு, பெற்றதும் இழந்ததும். வெட்கக்கேடு, மானக்கேடு, சீர்கேடு, முறைகேடு என்னும் கூட்டுச் சொற்களில் எல்லாம் கேடு இன்னும் இழப்பாகவே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். வெட்கம் தொலைந்தது வெட்கக்கேடு. கெடுதியைத் தேடி வந்த கபிலரின் இளைஞனுக்கு இந்தக் கூட்டுச் சொற்கள் எளிதில் புரிந்திருக்கும்.

இழப்புச் சொல் குற்றச் சொல்லாவதைத்தான் இதுவரை காட்டினேன். தமிழர் வாயில் எல்லாச் சொல்லும் இந்தத் திசையிலேயே போகும் என்று நினைத்துவிட வேண்டாம். எதிர்த்திசையில் போன ஒரு சொல்லைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

பாவம். வடமொழியில் அது குற்றம், தீவினை. கல்வெட்டுகளில் அறக்கட்டளைகளுக்குக் கேடு செய்பவர்கள் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவார்கள் என்று கல்லில் வெட்டி வைத்த அதே பாவம். இன்று பேருந்தில் இடம் கிடைக்காமல் குழந்தையோடு நிற்கும் பெண்ணைப் பார்த்து, 'பாவம், உக்காரட்டும்' என்கிறோம். அவள் எந்தத் தீவினையும் செய்யவில்லை. குற்றத்தின் பெயர் இரக்கத்தின் பெயராகிவிட்டது. முற்பிறவிப் பாவத்தால் இந்தத் துன்பம் என்ற எண்ணத்தில் அது தொடங்கியிருக்கலாம். இன்று சொல்பவர் மனத்தில் முற்பிறவி எதுவும் இல்லை. கன்னடரும் 'அய்யோ பாப' என்கிறார்கள், தெலுங்கரும் அப்படியே. மலையாளிகள் இரண்டையும் தனித்தனியாகவே பிரித்துவிட்டார்கள்: தீவினைக்குப் 'பாபம்', இரங்கத்தக்க எளியவருக்குப் 'பாவம்'. நாம் பிரிக்கவில்லை. பாவம் என்றால் இரக்கம், பாவி என்றால் வசை என்று ஒரே வேரில் இரண்டையும் வைத்திருக்கிறோம். தேவைப்பட்டால் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வோம். வெயிலில் அலைந்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துத் தூங்கிவிட்ட மகனைப் பார்த்து ஒரு தாய், 'பாவி, ஒரு வாய் தின்னாமப் படுத்துட்டானே, பாவம்' என்கிறாள். முதலில் வருவது வசை, பின்னால் வருவது இரக்கம். கேட்பவர் எவருக்கும் எது எது என்பதில் குழப்பம் வருவதில்லை.